கொங்குச் சமையலை எழுதி வைப்பது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று பரந்து கிடக்கும் கொங்கு நாட்டில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் பலர் தம் சமையலை எழுதி வைத்ததில்லை. அதை எழுத முன்வருகிறவர்களோ அடுப்புப் பற்றவைத்தது முதல் சட்டியை இறக்கி வைக்கும்வரை அடுப்படியில் நின்று பார்ப்பதில்லை. அதனால்தான் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கும் குறிப்புகளில் "தேவையான அளவு", "சிறிதளவு", "பதம் வரும்வரை" ஆகிய மூன்று சொற்றொடர்களே பாதிச் சமையலைச் செய்துவிடுகின்றன. வீட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) வைக்கும் கொள்ளுப் பருப்பையோ, கல்யாணச் சமையல்காரர் ஒருவரின் தட்டப்பயறுக் குழம்பையோ, சாலையோர மெஸ் ஒன்றின் கறி வறுவலையோ பிறர் செய்து பார்க்கும்படி எழுத விரும்புகிறவர்களுக்கானது இவ்வழிகாட்டி. இதில் சொல்லப்படுபவை பெரும்பாலும் ஒரே விதியிலிருந்து கிளைப்பவை: சமைப்பவர் வாயால் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் கை செய்வதை அளந்து எழுதுங்கள், இரண்டும் முரண்படும்போது கையை நம்புங்கள்.

எங்கே தொடங்குவது

நோன்புக்கும் விருந்துக்கும் செய்கிற ஒப்பிட்டு, கச்சாயம், சந்தகை ஆகியவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒருமுறையாவது வீட்டில் ஆக்கும் சோறு ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. அரிசியும் பருப்பும் சாதம் அதற்கு மிகவும் பொருத்தமானது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி என்று பொருட்கள் எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, அளவும் வரிசையும் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும் பண்டம் அது. ஒரே தெருவில் உள்ள மூன்று வீடுகளில் இதைப் பதிவு செய்தால், எழுதுகிறவரின் கண்ணும் காதும் தாமாகவே பழகிவிடும்.

உங்களுக்காகவென்று தனியாகச் சமைக்கச் சொல்லாதீர்கள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் நெய் கூடும், தேங்காய் கூடும், வழக்கமாகப் போடாத முந்திரி எங்கிருந்தோ வந்து விழும். அவர்கள் வழக்கமாகச் சமைக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்து, அதற்கு அரைமணி நேரம் முன்னதாகப் போய், வெங்காயம் உரிப்பதில் கூடமாட உதவிக்கொண்டே உட்கார்ந்திருங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே அனுமதி கேட்பது மரியாதை. கைபேசியைக் குக்கருக்கும் புகைபோக்கி விசிறிக்கும் எதிர்ப்பக்கத்தில் வைப்பது தேவை, இல்லையேல் விசில் சத்தம் மட்டுமே பதிவில் மிஞ்சும்.

அளக்கும் முறை

ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்றும், கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசு ஒன்றும் போதும். "எத்தனை கிராம் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, கேட்டவுடன் சமைப்பவரின் கை தயங்கி, வழக்கமான அளவும் மாறிப்போகும். எனவே கையை நிறுத்தாமல் பாத்திரத்தை நிறுப்பதே சிறந்த முறை. சமையல் தொடங்குமுன் அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்கள், உப்புச் சாடி, எண்ணெய்ப் புட்டி, புளி டப்பா ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் மீண்டும் நிறுத்துக் கழித்தால், அவர் எவ்வளவு போட்டார் என்பது அவரையே அறியாமல் கிடைத்துவிடும். எண்ணெயை இப்படி நிறுக்கும்போது ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்து மில்லிலிட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பொருளை இரண்டு முறை போடுகிறவர்கள் உண்டு. தாளிக்கும்போது ஒருமுறையும் இறக்கும்போது ஒருமுறையும் எண்ணெய் விடுகிறார் என்றால், மொத்தத்தை மட்டும் எழுதுவது தவறான குறிப்பாகிவிடும். ஆகவே அந்த இடைவெளியிலும் புட்டியை ஒருமுறை நிறுங்கள்.

உப்பில் இன்னும் கவனம் வேண்டும். கொங்குக் கிராமங்களில் வயதானவர்கள் பலர் இன்றும் கல்லுப்பைத்தான் அள்ளிப் போடுகிறார்கள். அதே கரண்டியில் தூளுப்பை அள்ளினால் எடை வேறாகும், ஆகவே "ஒரு கரண்டி உப்பு" என்று எழுதுவதைவிட எடையையும் உப்பின் வகையையும் சேர்த்து எழுதுவதே வாசகரைக் காப்பாற்றும்.

படி, உழக்கு, வள்ளம் ஆகிய பழைய அளவுகளைச் சொல்லுகிறவர்களும் உண்டு. நான்கு படி ஒரு வள்ளம் என்று வாய்ப்பாடு சொன்னாலும், வீட்டில் இருக்கும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபடும். அந்த வீட்டுப் படியிலேயே அந்த வீட்டு அரிசியைத் தலைதட்டி நிரப்பி நிறுத்துப் பார்த்து, அவர் சொன்ன அளவையும் நீங்கள் கண்ட எடையையும் அடுத்தடுத்து எழுதுங்கள். இரண்டில் ஒன்றை நீக்கிவிடத் தேவையில்லை. படியும் பண்பாட்டின் பகுதிதான்.

நான்கு பேருக்கான அரிசியும் பருப்பும் சாதத்தை இவ்வாறு அளந்து எழுதினால் குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையும்: புழுங்கலரிசி 300 கிராம், துவரம்பருப்பு 100 கிராம், உரித்த சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி இரண்டு, பூண்டு பத்துப் பல், காய்ந்த மிளகாய் மூன்று, சீரகம் 5 கிராம், கறிவேப்பிலை இரண்டு கொத்து, மஞ்சள்தூள் 1 கிராம், கடலெண்ணெய் 40 மில்லி, தண்ணீர் 1,200 மில்லி, கல்லுப்பு 14 கிராம். அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கழுவிச் சிறிது நேரம் ஊறவைத்து, எண்ணெயில் சீரகம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் நிறம் மாறும்வரை வதக்கி, தக்காளி குழைந்ததும் மஞ்சளும் உப்பும் தண்ணீரும் சேர்த்து, கொதி வந்தபின் அரிசி பருப்பைப் போட வேண்டும். அந்த வீட்டில் மிளகு தட்டிப் போடுகிறார்களா, தேங்காய் சேர்க்கிறார்களா, குக்கரா, போசி என்னும் பாத்திரமா, நெய் சமைக்கும்போதா இலையிலா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டால்தான் அது இன்னாருடைய சாதம் என்று ஆகும். எழுதப்படாவிட்டால் எவருடையதும் இல்லாத பொதுக்குறிப்பாகவே நின்றுவிடும்.

தண்ணீர், விறகு, மாதம்

சமையல் குறிப்புகளில் யாரும் எழுதாத பொருள் தண்ணீர். கோவையில் பாதிப் பேர் தங்கள் காப்பியின் சுவைக்கும் சோற்றின் சுவைக்கும் சிறுவாணியைக் காரணம் காட்டுவார்கள். அதில் ஊர்ப்பெருமை கொஞ்சம் கலந்திருந்தாலும், பருப்பைப் பொறுத்தவரை தண்ணீர் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால் பருப்பு, கொள்ளு, தட்டப்பயறு ஆகியவற்றின் தோலும் சதையும் எளிதில் குழையாது. சிறுவாணித் தண்ணீரில் மூன்று விசிலில் மசிகிற பருப்பு, உப்புத் தண்ணீர் ஊர் ஒன்றில் ஐந்து விசிலுக்கும் நறுக்கென்று நிற்கும். எனவே எந்தத் தண்ணீர், எத்தனை நேரம் ஊறியது என்ற இரண்டையும் எழுதுங்கள்.

கொள்ளுப் பருப்பில் இதற்கு மேலும் ஒரு செய்தி உண்டு. வேகவைத்த கொள்ளை வடித்தெடுத்த நீரை யாரும் கொட்டுவதில்லை, அது அடுத்த அடுப்பில் ரசமாகிறது. பருப்பை மட்டும் எழுதி ரசத்தை விட்டுவிடுகிறவர், அந்த வேளைக்கான சமையலில் பாதியைத்தான் எழுதுகிறார். ஒரு பண்டத்திலிருந்து மீந்தது எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கத்தை எப்போதும் கைவிடாதீர்கள்.

விறகடுப்பா, கேஸா என்பதையும், மாதத்தையும் குறிப்பது அவசியம். புதிதாகப் பிடுங்கிய வெங்காயத்தில் நீர் மிகுதி, வதங்க நேரம் எடுக்கும். பட்டறை போட்டு வைத்த வெங்காயம் சீக்கிரம் சிவக்கும். கம்மஞ்சோறும் மோரும் வெயில் காலத்தில் எழுதப்பட வேண்டியவை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பகுதிகளில் ஆடி முதல் நாளில் தேங்காயின் கண்ணைத் திறந்து, பொட்டுக்கடலை, எள், வெல்லம், அவல் முதலியவற்றை உள்ளே இட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் சுடுகிறார்கள். அதை வேறு மாதத்தில் படம் எடுப்பதற்காகச் சுடச்சொல்லி எழுதினால், தேங்காய் கிடைக்கும், தெருவெல்லாம் சிறுவர்கள் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் அந்த நாள் கிடைக்காது.

நேரத்தை எழுதாமல் அடையாளத்தை எழுதுவது

"பதினைந்து நிமிடம் வதக்கவும்" என்பது உங்கள் அடுப்புக்கும் உங்கள் சட்டிக்கும் மட்டுமே பொருந்தும். பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் மறுகரையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த வறுவலில் மசாலாத் தூள்களுக்கு இடமில்லை. கோழி, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு, எண்ணெய் என்று பொருட்பட்டியல் சுருங்கியது. பொருள் குறையக் குறையச் செய்முறைக்குப் பொறுப்பு கூடுகிறது. மிளகாயைக் கிள்ளி, விதையை உதிர்த்துவிட்டுத் தோலை மட்டும் எண்ணெயில் போடுவதைப் பார்த்தால், "ஏனுங்க அம்மாயி, வெதைய எதுக்கு உதுத்தறீங்க?" என்று அப்போதே கேட்க வேண்டும். "வெதை கருகுனா கசந்துரும் கண்ணு" என்று வரும் பதிலை அப்படியே, அவருடைய பேச்சிலேயே, குறிப்பில் சேருங்கள். அதைச் செந்தமிழாக்கி எழுதினால் ஆள் மறைந்துவிடுவார்.

அதன்பின் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கோழியைப் போட்டதும் சிறிது நேரத்தில் அது தன் நீரை விட்டு அந்த நீரிலேயே தளதளவென்று கொதிக்கும். அப்போது சட்டியிலிருந்து ஆவிதான் எழும், மணம் அதிகம் வராது. நீர் வற்றி எண்ணெய் மட்டும் மிஞ்சும் தருணத்தில் சத்தம் மாறி, சடசடவென்ற பொரியல் ஓசை கேட்கத் தொடங்கும். கறித்துண்டின் ஓரங்கள் மங்கிய மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குத் திரும்பும். மிளகாய்த் தோல் கருஞ்சிவப்பாக மினுங்கும். தேங்காய்ச் சில்லைப் போடுவது அந்தச் சத்தம் மாறியபிறகா, அதற்கு முன்பா என்பதில் சமையல்காரர்களிடையே வேறுபாடு உண்டு. முன்பே போட்டால் சில்லு வெந்து மெத்தென்று ஆகும், பின்னால் போட்டால் கடிக்க வாகாக இருக்கும். இப்படிப்பட்ட ஒரு வாக்கியம், சுவையைப் புகழும் பத்து வாக்கியங்களைவிட வாசகருக்குப் பயன்படும். "நாவில் எச்சில் ஊறும்", "கைமணம் கமழும்" போன்ற தொடர்களை முதல் வரைவிலேயே அடித்துவிடுவது நல்லது. அவை வரும் இடமெல்லாம் எழுதுகிறவர் பார்க்கத் தவறிய இடங்கள் என்பதே என் கணிப்பு.

கறி வாங்கிய இடத்தையும் கேளுங்கள். கொங்குப் பகுதியில் வெள்ளாட்டுக் கறிக்கும் செம்மறிக் கறிக்கும் வேறுபாடு பார்த்து வாங்குகிறவர்கள் மிகுதி. மேச்சேரிச் செம்மறி என்பது சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரால் அறியப்படும் தனி இனம். "மட்டன்" என்ற ஒற்றைச் சொல்லால் இவை எல்லாவற்றையும் மூடிவிட்டால், வேகும் நேரத்திலும் கொழுப்பிலும் வரும் வித்தியாசத்துக்கு வாசகர் தம் அடுப்பைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்.

பந்திச் சமையலைச் சுருக்குவது

கல்யாணச் சமையல்காரரிடம் 500 பேருக்கான பட்டியல் கிடைக்கும். கடைக்குக் கொடுக்க அவரே எழுதிவைத்த சாமான் சீட்டு என்பதால் அது பெரும்பாலும் நம்பத்தக்கதாகவே இருக்கும். அதை நூறால் வகுத்து ஐந்து பேருக்கான குறிப்பு என்று வெளியிடக் கூடாது. பெரிய தேக்சாவில் உள்ள குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு சிறியது. வீட்டுச் சட்டியில் அந்த விகிதம் பெரியது, ஆகவே தண்ணீர் விரைந்து வற்றும். தாளிப்பு எண்ணெயும் அப்படியே, சிறு சட்டியின் அடியை நனைக்கவே ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். வகுத்து வரும் எண்ணைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, தண்ணீரையும் எண்ணெயையும் உப்பையும் வீட்டுச் சட்டியில் சமைத்துப் பார்த்துத் திருத்தி எழுதுங்கள். சீட்டில் "செலவுச் சாமான்" என்று மொத்தமாக எழுதியிருந்தால், அதில் அடங்கும் மல்லி, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பழம்பெருமையைச் சரிபார்ப்பது

எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. "ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று எழுதுமுன், பொருட்பட்டியலை ஒருமுறை பாருங்கள். மிளகாயும் தக்காளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் மிளகாயைக் கொண்டுவருவதற்குமுன் இங்கே காரம் என்பது மிளகுதான். ஆகவே காய்ந்த மிளகாயையே உயிராகக் கொண்ட ஒரு வறுவலைச் சங்ககாலத்தோடு முடிச்சுப் போடுவது பொருந்தாது. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது; அத்தொழிலுக்கான கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் தொடங்கப்பட்டது 1981இல். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட்டின் பீட்ரூட், கேரட் துருவலைப் பார்த்தாலே அதன் வயது ஓரளவு தெரிந்துவிடும். புதியது என்பதால் ஒரு பண்டத்தின் மதிப்புக் குறைவதில்லை.

புவிசார் குறியீட்டையும் பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. ஈரோடு மஞ்சளும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இலும், சேலம் ஜவ்வரிசி 2023இலும் அதைப் பெற்றன. ஓர் ஊர்ப் பண்டம் பேர் பெற்றது என்பதும் சட்டப்படி பதிவு பெற்றது என்பதும் வேறு வேறு. ஐயம் வந்தால் சென்னையில் இயங்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பட்டியலில் தேடிப் பார்த்து எழுதலாம். ஒரு பண்டத்தைச் சாதிப் பெயரால் அழைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. அதே குழம்பு பக்கத்துத் தெருவில் வேறொருவர் வீட்டிலும் கொதிக்கிறது என்பதால், ஊரையும் வீட்டையும் காலத்தையும் குறிப்பிடுவதே நேர்மையான முகவரி என்பது என் கருத்து.

மெஸ்ஸைப் பற்றி எழுதுவது

உணவகச் செய்தி எழுதுவதற்குச் சில தனி ஒழுங்குகள் வேண்டும். முதலாவது, பணம் கொடுத்துச் சாப்பிடுங்கள். உரிமையாளர் அன்போடு மறுத்தாலும் விடாமல் கொடுத்துவிட்டு வாருங்கள், அல்லது வாங்கிக்கொள்ளவில்லை என்பதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள். பகல் பன்னிரண்டரைக்கு முதல் பந்தியில் ஒருநாளும், இரண்டரை மணிக்குக் கடைசிப் பந்தியில் வேறொரு நாளும் போனால், குழம்பு எப்படி இறுகுகிறது, பொரியல் மீண்டும் சமைக்கப்படுகிறதா, இலையில் விழும் கறியின் அளவு மாறுகிறதா என்பவை தெரியவரும். இலைச் சாப்பாட்டின் விலை, கூடுதலாக வாங்கும் வறுவலின் விலை, விடுமுறை நாள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். தேதி இல்லாத விலை சில மாதங்களில் பொய்யாகிவிடும்.

பில்லைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண உணவகங்களில் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. இணக்கத் திட்டத்தில் (சிறு வணிகர்கள் தம் மொத்த விற்பனைமீது ஒரு குறைந்த விகித வரியைத் தாமே கட்டும் ஏற்பாடு) பதிவு செய்த சிறு உணவகங்கள் வாடிக்கையாளரிடம் அந்த வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டமொன்றில், வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று ஓர் உணவக உரிமையாளர் மத்திய நிதியமைச்சரிடம் சொன்னது நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கலாம். சுவையை மட்டுமே எழுதப் பழகியவர்களுக்கு அந்தப் பேச்சின் பொருள் உடனே பிடிபட்டிருக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் கடையில் பார்வையில் படும்படி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கல்லாவில் இருப்பவரோடு பேட்டியை முடித்துக்கொள்ளாமல் பின்கட்டுக்குப் போவது. பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கும். செலவுச் சாமான் அரைப்பது பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அக்காமாராக இருக்கும். கறியை வறுப்பது வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்து இந்த ஊர்ப் பதத்தைக் கற்றுக்கொண்ட ஒரு தம்பியாக இருக்கும். சமைப்பவரின் பெயரையும் ஊரையும் எழுதலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் ஒப்பினால் உரிமையாளரின் பெயருக்கு இணையாக எழுதுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு செய்முறையை அவர்கள் முழுதாகச் சொல்ல மறுப்பதும் உண்டு. அது அவர்களுடைய பிழைப்பு என்பதால், மறைக்கப்பட்ட பொருளை நாக்கால் துப்பறிந்து வெளியிடுவதைவிட, அவர்கள் சொன்னவரையில் எழுதி, மீதியைக் கடையின் உரிமை என்று விட்டுவிடுவது முறை.

வெளியிடுமுன்

எழுதிய குறிப்பை வைத்து, அந்தச் சமையலை முன்பின் பார்த்திராத ஒருவரைச் சமைக்கச் சொல்லி, நீங்கள் வாய் திறக்காமல் அருகில் நில்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த வரி போதாது என்று பொருள். அங்கே ஓர் அடையாளத்தையோ அளவையோ சேர்க்க வேண்டும். பிறகு, பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதி ஒன்றை முதலில் சமைத்துக் காட்டியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்க இயலாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். "நான் எங்க கண்ணு அத்தன உப்புப் போட்டேன்?" என்று அவர் மறுத்தால், வாதாடாமல் அடுத்த சமையலில் உப்புச் சாடியை மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அன்று கிடைத்த எண்ணையும் முன்பு கிடைத்த எண்ணையும் இரண்டு தேதிகளோடு குறிப்பில் சேர்த்து வெளியிடுங்கள்.